நர்சம்மாவின் நோட்டும் மருத்துவத்தின் தரமும்



சேலத்தில் நடக்கும் கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று அழைப்பு வந்தபோது மகிழ்ச்சியோடு கலக்கமும் சேர்ந்தே வந்தது. எனக்குச் சமூக மருத்துவத்தின் அரிச்சுவடியைக் கற்றுத்தந்தவர்கள் முதல் வரிசையில் இருக்கிறார்கள். என்னோடு பல மேடைகளில் வாதிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கினால் இந்த நாற்காலிக்கு அது மரியாதை ஆகாது. பல ஆண்டுகளாக மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தையே பேச எடுத்துக்கொண்டேன். சற்று நீளும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

தலைமையாலும் கூட்டுழைப்பாலும் மருத்துவச் சேவையின் தரத்தை உயர்த்துவது என்பது நமக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று டோனபீடியன் 1966இல் தரத்தைப் பிரித்துக் காட்டியதையோ, இன்றைய தேசியத் தர உறுதிச் சான்றின் மதிப்பெண் முறையையோ இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிரசவ அறைகளுக்கான ‘லக்ஷ்யா’, மருத்துவமனைத் தூய்மைக்கான ‘காயகல்ப்’, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆகியவற்றுக்குத் தனித்தனி அமர்வுகள் இருக்கின்றன. கட்டுரையாளர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். என் கேள்வி இவை எல்லாவற்றுக்கும் முந்தையது. ஒரு மாவட்டத்தில் நடக்கக்கூடாத ஒரு சாவு நடந்துவிடுகிறது. அதை முதலில் எழுத்தில் பதிகிறவர் யார்? பதிந்ததற்காக அவருக்கு என்ன நேர்கிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் தலைமையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அன்றைய ஒன்றுபட்ட சேலம் மாவட்டத்தில், ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர். தமிழ்நாட்டின் சராசரி 948. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி முதல் நாளில்தான். ஆகவே அந்த 849 ஓமலூருக்கும் எடப்பாடிக்கும் மட்டுமல்ல, ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் சேர்த்து விழுந்த எண். பத்தாண்டு கழித்து, 2001இல், நாமக்கல் பிரிந்த பின் எஞ்சிய சேலத்தின் எண் 851.  2011இல்தான் அது 900ஐத் தாண்டியது. இந்த எண்களை நாம் எல்லோரும் வகுப்பில் பாடமாக நடத்தியிருக்கிறோம். ஆனால் அந்தக் குழந்தைகளின் பெயரில்லாத பதிவுகள் இருந்த நோட்டுகளை நம்மில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருக்கிறோம்?

கிராம சுகாதார செவிலியரின் பதிவேடுகளைச் சொல்கிறேன். கர்த்தார் சிங் குழு 1973இல் பரிந்துரைத்த பல்நோக்குப் பணியாளர் முறைதான் அவரை உருவாக்கியது. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது அளவு. எண்பதுகளில் டேனிஷ் அரசின் டானிடா உதவியோடு நடந்த திட்டத்தில், முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் சேலம் ஒன்று. ஊருக்குள் கட்டடமும் குடியிருப்பும் வந்தன. ‘நர்சம்மா’ ஊரிலேயே தங்கினார். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, கர்ப்பிணிகள் பதிவேடு, பிறப்பு, இறப்பு என்று அவர் எழுதிய நீள நோட்டுகளில் ஒரு பெண்ணுக்கு எத்தனையாவது பேறு, எங்கே பிரசவம், எந்தக் குழந்தை, எத்தனையாவது நாளில் இறந்தது என்ற நான்கு செய்திகளும் இருந்தன. இந்தியாவில் வேறெந்த ஆவணமும் இந்த நான்கையும் ஒரே ஊருக்கு, ஒரே கையெழுத்தில் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆவணத்தை ஆய்வுலகம் எப்படி நடத்தியது என்பதில்தான் என் வாதம் தொடங்குகிறது. 1986இல் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டியைப் பற்றி எழுதியபோது, பெண்சிசுக் கொலை ஒரு சாதியின், ஒரு வட்டாரத்தின் வழக்கம் என்றே பேசினோம். 1992இல் சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஆபெல், பார்பரா மில்லர் மூவரும் கே.வி.குப்பம் ஊர்களின் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து கவனித்து எழுதியபோது, அது வடஆற்காட்டிலும் உண்டென்று தெரிந்தது. 1997இல் ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவுகளைத் திரட்டி ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் கட்டுரை எழுதினார்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல், சேலம், தருமபுரி வழியே வடக்கே நீளும் ஒரு தொடர்பட்டையை அவர்கள் காட்டினார்கள். ஒரு சாதிக்குள் அடங்காதது என்று காட்டினார்கள். முதல் பெண் குழந்தையைவிட அடுத்தடுத்துப் பிறக்கும் பெண் குழந்தைகளே பெரும்பாலும் பலியாகிறார்கள் என்றும் காட்டினார்கள். இவை அத்தனைக்கும் ஆதாரம் நர்சம்மாவின் நோட்டு.

அந்தக் காலத்தில் மக்கள்தொகையியல் பயின்ற நண்பர்கள் சிலர் இந்தச் சான்றை ஒதுக்கியது நினைவிருக்கும். செவிலியரின் எண்கள் நம்பத்தக்கவை அல்ல, இலக்கை நிறைவேற்றக் கணக்கு எழுதுகிறவர்கள், காரணம் என்ற கட்டத்தில் அவர்கள் எழுதுவது ஊகம், கணக்கெடுப்பும் மாதிரிப் பதிவும்தான் அறிவியல் என்றார்கள். அவர்கள் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. அவர்களில் சிலரிடம்தான் நான் புள்ளியியல் கற்றேன். ஆனாலும் இந்த மேடையில் என் மறுப்பைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

குடும்பக் கட்டுப்பாட்டு எண்ணிக்கையைக் கூட்டி எழுத ஒரு செவிலியருக்குக் காரணம் இருக்கலாம். தன் எல்லைக்குள் ஒரு சிசு கொல்லப்பட்டது என்று கூட்டி எழுத என்ன காரணம் இருக்க முடியும்? மேலதிகாரி திட்டுவார். ஊரார் வீட்டுப் படியேற விடமாட்டார்கள். போலீஸ் வந்து விசாரிக்கும். மறைக்க ஆயிரம் காரணம் உண்டு, புனைய ஒன்றும் இல்லை. ஆகவே பிழை இருந்தாலும் அது ஒரே பக்கமாகச் சாயும் பிழை. அவர் எழுதியது குறைந்தபட்ச எண், உண்மை அதற்கு மேலேதான் இருக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் வலுவானது. காரணக் கட்டத்தை மூடி வைத்துவிட்டே இந்த நோட்டைப் படிக்கலாம். பிறந்த முதல் மாதத்தில் ஆண் குழந்தைகளே அதிகம் இறப்பார்கள். இது உடலியல், எந்த நாட்டுக்கும் பொது. ஓர் ஊர்த் தொகுதியின் இறப்புப் பதிவில் முதல் வாரத்தில் பெண் குழந்தைகள் அதிகம் இறந்திருந்தால், காரணம் என்று ‘மூச்சுத் திணறல்’ எழுதியிருந்தாலும் ‘பால் குடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தாலும் நமக்குச் செய்தி வந்துவிட்டது. எழுதியவர் அஞ்சி மறைத்தாலும் நாள் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். கணக்கெடுப்பு பத்தாண்டு கழித்து, இத்தனை குழந்தைகள் இல்லை என்று மட்டும் சொல்லும். எந்தக் குக்கிராமத்தில், எத்தனையாவது மகள், எந்த நாளில் என்று இந்த நோட்டுதான் சொல்லும். தலையீட்டுக்கு எது உதவும் என்பதை அவையே முடிவு செய்யட்டும்.

இந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்த இடமும் நமக்கு அடுத்தே இருக்கிறது. 1997 முதல் 1999 வரை தருமபுரியில் ஊர் ஊராகக் கலைப்பயணம் போனது. செவிலியர்களும் நாடகக்காரர்களும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து இறங்கினார்கள். கொலைகள் கணிசமாகக் குறைந்ததை அதே பதிவுகளின் வழியே ஆத்ரேயாவும் சுங்கத்தும் 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார்கள். கூட்டுழைப்புக்கு உதாரணம் கேட்கும் மாணவர்கள் வெளிநாட்டு மருத்துவமனைகளைத் தேடிப் போகும் முன் தொப்பூர் கணவாயைத் தாண்டினால் போதும்.

இங்கே தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1992இல் சேலத்தில்தான் அது பிறந்தது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என விரிந்தது. சேலத்தின் மாற்றத்துக்குத் தொட்டிலே காரணம் என்று எழுதும் மூத்த அறிஞர்களோடு எனக்கு நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. தொட்டிலில் விடப்பட்டு உயிர் பிழைத்த ஒவ்வொரு குழந்தையும் இந்த நாட்டின் மகள். அவளுக்காக அந்தத் திட்டத்தை வணங்குகிறேன். ஆனால் தொட்டில் வந்து ஒன்பது ஆண்டுக்குப் பிறகு எடுத்த கணக்கிலும் 851தானே வந்தது? பெண் குழந்தையைக் கைவிடலாம், அரசு எடுத்துக்கொள்ளும் என்ற செய்தியும் அதில் கலந்திருந்தது என்ற விமர்சனத்துக்கு இன்றுவரை சரியான பதில் வரவில்லை. எல்லாவற்றையும்விட, அது மருத்துவத் துறையிடம் எதையும் கேட்கவில்லை. கர்ப்பிணியின் மூன்றாவது பேற்றுக்கு யார் வீட்டுக்குப் போனார்கள், எட்டாம் நாள் வரை யார் பார்த்தார்கள் என்று கேட்டது செவிலியரின் நோட்டு மட்டும்தான்.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றை நாம் போதிய அளவு பேசவில்லை. கைதும் வழக்கும் வந்தன. கூண்டில் நின்றவர்கள் பெரும்பாலும் ஏழைத் தாய்மார்கள். செவிலியர் எழுதிய ஒரு வரி தன்னிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட பெண்ணைச் சிறைக்கு அனுப்பும் என்றால், அடுத்த முறை அவர் என்ன எழுதுவார்? பதிவேட்டில் சாவு குறைவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. சாவே குறைவது ஒன்று. எழுதுவது நிற்பது மற்றொன்று. மாவட்டக் கூட்டத்தில் திரையில் காட்டும் வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடாகத்தான் இறங்கும். அந்தக் கோட்டைப் பார்த்துக் கைதட்டுகிறவர் நல்ல தலைவர் ஆகமாட்டார். இவ்வளவு இறங்கியிருக்கிறதே, யாரும் பயந்துபோய் எழுதாமல் விட்டீர்களா என்று கேட்கிறவரே தலைவர்.

பிரசவகால மரணத்தில் இந்தப் பாடத்தை நாம் ஓரளவு கற்றுக்கொண்டோம். மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் மரணம் 2001-03இல் 134, 2007-09இல் 97, 2018-20இல் 54. தொண்ணூறுகளிலேயே தொடங்கிய மரண ஆய்வு இதில் பெரும்பங்கு வகித்தது. இங்கிலாந்தில் 1952 முதல் நடந்த இரகசிய ஆய்வும், கேரளத்தில் மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004இல் தொடங்கிய ஆய்வும், உலக சுகாதார நிறுவனத்தின் 2004 வழிகாட்டி நூலும் ஒன்றையே வற்புறுத்துகின்றன. இறந்தது ஏன் என்று தேடுங்கள், யார் மீது பழி போடலாம் என்று தேடாதீர்கள். விதி இப்படி இருந்தாலும் நடைமுறை எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஆய்வுக் கூட்டம் விசாரணைக் கூண்டாக மாறியதை நானே ஒரு மாவட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எல்லாப் பொறுப்பும் கடைசியில் அந்தத் துணை சுகாதார நிலையச் செவிலியரின் தலையில் வந்து இறங்கியது. தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறியதைத் தன் நோட்டில் நேர்மையாக எழுதி வைத்திருந்தவர் அவர் ஒருவரே. அந்த நோட்டே அவருக்கு எதிரான சாட்சியானது. அதன் பிறகு அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் உண்மையான அளவை எழுதியிருப்பார்கள் என்று இன்றும் யோசிக்கிறேன்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். மோனிகா தாஸ் குப்தா, தேசிகாச்சாரி, சோமநாதன், பத்மநாபன் முதலானோர் 2010இல் எழுதிய கட்டுரை நம் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம், தனிப் பணியாளர் அணி, 1939இன் பொது சுகாதாரச் சட்டம் ஆகியவை இருப்பதே நம் வெற்றிக்குக் காரணம் என்பது அதன் சாரம். நான் மதிக்கும் கட்டுரை அது. கொள்ளைநோய்த் தடுப்புக்கும் தடுப்பூசிக்கும் முழு உண்மை. ஆனால் குருதிப் போக்கோடு வரும் ஒரு தாயின் பக்கத்தில் நின்று பார்த்தால் அதே பிரிவினை வேறு மாதிரி தெரிகிறது.

எடப்பாடிப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூலிக் குடும்பத்துப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்ப காலம் முழுக்க அவள் பொது சுகாதாரத் துறையின் கீழ் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் கவனிப்பில் இருக்கிறாள். வலி வந்து வட்ட மருத்துவமனைக்குப் போனால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரின் ஆளுகை. அங்கிருந்து சேலம் ஜி.எச்.சுக்கு அனுப்பினால், 1986இல் தொடங்கிய மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் டீன் பொறுப்பு. நடுவில் ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குப் போய்விட்டு வந்தால் அது யார் கணக்கும் இல்லை. சேலம் வருவாய் மாவட்டத்துக்குள்ளேயே சேலம், ஆத்தூர் என்று இரண்டு சுகாதார மாவட்டங்கள் வேறு. 2008இல் வந்த 108 வண்டி அவள் உடலை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அவளைப் பற்றிய குறிப்பு அந்த வேகத்தில் போவதில்லை. தனியாரில் மணிக்கணக்கில் வைத்திருந்து கைமீறிய பிறகு அனுப்பப்பட்ட தாய் ஜி.எச்.சில் இறந்தால், சாவு ஜி.எச்.சின் பெயரில் ஏறுகிறது. தருமபுரி, நாமக்கல், கல்வராயன் மலை என எல்லாத் திசையிலிருந்தும் வரும் கடைசி நேர நோயாளிகளை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையே மோசமான மருத்துவமனை போலத் தெரிகிறது. தனி இயக்குநரகத்தின் சிறப்பைப் புகழும் அறிஞர்கள் இந்தத் தாண்டல்களில் என்ன தொலைகிறது என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

நாமக்கல்லின் எய்ட்ஸ் அனுபவம் எனக்கு நம்பிக்கை தருகிறது. லாரித் தொழிலின் ஊர். கணவர் மூலம் தொற்றுக்கு ஆளான நாமக்கல் பெண்ணான கௌசல்யா பெரியசாமி தன் நிலையை வெளிப்படையாகச் சொல்லி, 1998இல் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். 2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் தாம்பரம் சானடோரியத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. பிறகு நாமக்கல் அரசு மருத்துவமனைக்கே மையம் வந்தது. ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்து, பரிசோதனை முடிவு வெளியே போகாது என்று உறுதி கொடுத்த பிறகுதான் மக்கள் வந்தார்கள். பதிவு செய்தால் தீங்கு வராது என்று தெரிந்ததும் பதிவு பெருகியது. அங்கே தலைமை நோயாளிகளிடமிருந்தே வந்தது.

இனி ஸ்கேன் விஷயம். கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் நடைமுறைக்கு வந்தது. பிறந்த பின் நடந்தது பிறப்பதற்கு முன்னால் நகர்ந்ததை நாம் அறிவோம். செவிலியரின் கர்ப்பிணிப் பதிவேட்டில் மூன்றாம் மாதம் பதிந்த பெண் ஐந்தாம் மாதம் காணாமல் போகிறாள். ஸ்கேன் மையத்தில் அவளுக்கு ஒரு படிவம் இருக்கிறது. இரண்டு காகிதங்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் சந்திப்பதில்லை. பஞ்சாபின் நவான்ஷகரில் 2005 வாக்கில் ஆட்சியர் கிருஷண் குமார் கருவுற்ற பெண்களைத் தொலைபேசி வழியே தொடர்ந்தது பெரிதும் பாராட்டப்பட்டது. அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று கேட்கும் நண்பர்களோடு நான் உடன்படவில்லை. கண்காணிக்க வேண்டியது ஸ்கேன் கருவியையும் அதன் படிவத்தையும்தான். அந்தப் பெண்ணைத் துரத்தினால், மறுபடியும் நர்சம்மா போலீஸாகிவிடுவார். கதவு சாத்தப்படும்.

பதிவேடே பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் இந்த வட்டாரம் கண்டிருக்கிறது. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் பச்சிளங் குழந்தை விற்பனை வெளியே வந்ததும், கொல்லிமலை வரையிலான பிறப்புப் பதிவுகளை அதிகாரிகள் சரிபார்க்க நேர்ந்ததும் மறந்திருக்காது. இன்று கர்ப்பப் பதிவு எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது, எல்லாம் கணினியில் ஏறுகிறது. நல்லதுதான். ஆனால் கணினி வந்த வேகத்தில் பழைய நோட்டுகள் எடைக்குப் போகின்றன. ஈரம் ஏறிய அலமாரிகளில் எண்பதுகளின், தொண்ணூறுகளின் பதிவேடுகள் இன்னும் சில துணை சுகாதார நிலையங்களில் கிடக்கின்றன. எழுதியவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அந்தக் கையெழுத்தைப் படித்து, இந்தக் குறி எதற்கு, இந்தச் சிவப்புக் கோடு எதற்கு என்று விளக்க அவர்களால் மட்டுமே முடியும்.

ஆகவே தலைவர் என்ற உரிமையோடு இந்த அவையிடம் மூன்று விஷயங்களைக் கோருகிறேன். இரு மாவட்டங்களின் பழைய செவிலியர் பதிவேடுகளை, பெண்களின் பெயர் வெளியே தெரியாத வகையில் காக்க, சேலம் கல்லூரியும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் கல்லூரியும் சேர்ந்து பொறுப்பேற்கட்டும். மரண ஆய்வில் உண்மையை எழுதிய பணியாளர் மீது அந்த எழுத்தை வைத்தே நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று எழுத்துபூர்வமான உறுதி வேண்டும். தனியார் மருத்துவமனைகள் அனுப்பும் ஒவ்வொரு தாயோடும் அவள் வந்த நேரம், செய்த சிகிச்சை, அனுப்பிய நேரம் மூன்றும் எழுதிய தாள் வர வேண்டும், ஆய்வுக் கூட்டத்தில் அவர்களும் அமர வேண்டும். இந்திய மருத்துவச் சங்கக் கிளைகளின் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். தயக்கம் இருந்தால் இன்றே எழுந்து சொல்லுங்கள், வாதிடலாம்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றத்துக்கும் ஒருங்கிணைப்பாளர்களிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். முதல் அமர்வாக இருந்த தலைமைப் பயிற்சி பற்றிய உரை பிற்பகலுக்குப் போகிறது. அதன் இடத்தில் கொங்கணாபுரம், மேச்சேரி, வெண்ணந்தூர் பகுதிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்கள் தங்கள் பதிவேடுகளை எப்படி எழுதினார்கள் என்று பேசுகிறார்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரை நேரம் நினைவூட்டும் மணியை அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.